கீட்ஸ் தப்பியோடிய கவிஞரா?

புனைவியல் கவிஞர்களைப் பற்றிப் பேசுவோர் சிலர், பேச்சைத் தொடங்கும்போதே தீர்ப்பையும் எழுதி முடித்துவிடுகின்றனர். வேர்ட்ஸ்வொர்த் மலையிடம் ஓடினார். ஷெல்லி வானத்திற்கு ஓடினார். கீட்ஸ் அழகிடம் ஓடினார் என்பது அத்தீர்ப்பு. ஓட்டம் மூவருக்கும் பொது; திசைதான் வேறு. மூவருள்ளும் கீட்ஸின் மீது சுமத்தப்படும் குற்றமே கடுமையானது. பூவையும் பறவையையும் பழைய கிரேக்கத்துத் தாழியையும் பாடிய அவர், மக்களின் பசியையும் போராட்டத்தையும் பாராமல் கண்ணை மூடிக்கொண்டார் என்பர். அவரைப் போற்றுவோரோ அக்குற்றத்தையே புகழாக மாற்றி, அவர் அழகின் அடியார், அழகு ஒன்றே அவருக்குப் போதுமாயிருந்தது என்பர். இகழ்வோரும் புகழ்வோரும் சொல்வது ஒன்றே. இரு சாராரும் கவிதைகளை இறுதி அடிவரை படித்தவர்களாகத் தோன்றவில்லை.

உண்மை இதற்கு நேர்மாறானது. நிலையாமைக்கு அஞ்சி அழகினுள் ஒளிந்தவர் அல்லர் கீட்ஸ். தப்பிச் செல்லும் வழிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, ஒவ்வொன்றையும் தம் கையாலேயே அடைத்தவர் அவர். 1819-ஆம் ஆண்டின் வசந்தத்திலிருந்து செப்டம்பர் வரை அவர் எழுதிய பாடல்களே இதற்குச் சான்று.

அவர் அறிந்த சாவு

ஜான் கீட்ஸ் 1795 அக்டோபர் 31-இல் இலண்டனில் பிறந்தார். தந்தை வாடகைக் குதிரை லாயம் ஒன்றை நடத்தியவர். 1804-இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். தாய் 1810-இல் காசநோய்க்கு இரையானார். பதினான்கு வயதில் பெற்றோர் இருவரையும் இழந்த சிறுவன் எட்மண்டன் என்னும் ஊரில் மருத்துவர் ஒருவரிடம் தொழில் பழகினான். 1815-இல் இலண்டன் கைஸ் மருத்துவமனையில் மாணவனாகச் சேர்ந்தான். அங்கே அறுவை மருத்துவருக்கு உதவியாக நின்று காயங்களுக்குக் கட்டுப் போடுவது அவன் பணி. மயக்க மருந்து புழக்கத்திற்கு வர இன்னும் முப்பது ஆண்டுகள் இருந்தன. நினைவோடு கிடக்கும் நோயாளியின் உடலைக் கத்தி அறுக்க, அலறலைக் கேட்டுக்கொண்டே அருகில் நின்ற இளைஞன் அவன். 1816 ஜூலையில் மருந்தாளர் தேர்வில் வெற்றி பெற்றும், பிழைப்புக்கு உறுதி தரும் அத்தொழிலைக் கைவிட்டுக் கவிதையை மேற்கொண்டார் கீட்ஸ்.

1818-இல் அவருடைய தம்பி ஜார்ஜ் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். மற்றொரு தம்பி டாம் காசநோயால் படுத்த படுக்கையானார். அவருக்குப் பணிவிடை செய்து, 1818 டிசம்பர் முதல் நாள் அவர் உயிர் பிரிவதையும் கண்டார் அண்ணன். டாமுக்கு அப்போது வயது 19. இத்தகைய ஒருவருக்குத் துன்பம் தெரியாது என்று கூறுவோர், அவர் வாழ்க்கையின் முதற்பக்கத்தையும் புரட்டாதவர் ஆவர்.

துன்பத்தை அறிந்ததனாலேயே அவர் அதிலிருந்து ஓடியிருக்கலாகாதா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை பாடல்களில் உள்ளது.

அடைக்கப்பட்ட கதவுகள்

டாம் இறந்து ஆறு மாதம் நிறையுமுன், 1819 மே மாதத்தில், ஹாம்ஸ்டெட்டில் நண்பர் பிரவுனின் வீட்டில் இருந்தபோது நைட்டிங்கேல் பறவையை விளித்துக் கீட்ஸ் பாடினார். இப்பாடலில் தப்பிச் செல்லும் ஆசை வெளிப்படையாகவே உள்ளது. பறவையோடு மறைந்துவிட வேண்டும் என்கிறார். முதலில் மதுவை நாடுகிறார். பிறகு அதனைத் தள்ளிவிட்டுக் கற்பனையின் சிறகை நாடுகிறார். பிறகு நோவில்லாத சாவையே நாடுகிறார். இளமை வெளிறி மெலிந்து மடியும் உலகை விட்டு விலகவே இத்தனை முயற்சியும்.

குற்றம் சாட்டுவோர் இந்த இடத்தில் நூலை மூடிவிடுகின்றனர். பாடலோ இங்கு முடியவில்லை. அவர் வாயிலிருந்தே பிறந்த ஒரு சொல் மணியோசைபோல் ஒலித்து, அவரைத் தம்மிடமே திரும்ப அழைத்துவிடுகிறது. கற்பனை சொல்லப்படும் அளவுக்குத் திறமையாக ஏமாற்றுவதில்லை என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பறவை பறந்துவிடுகிறது, பாடல் தேய்ந்து மறைகிறது, மனிதன் தரையில் நிற்கிறான். தப்பியோடுதலைப் போற்றும் பாட்டா இது? தப்பியோட இயலாது என்பதை மெய்ப்பித்த பாட்டு.

அடுத்தது கிரேக்கத் தாழியைப் பற்றியது. அதில் செதுக்கிய இளைஞன் என்றும் இளைஞன். மரம் என்றும் இலையோடு நிற்பது. காதல் என்றும் தணியாதது. நிலையாமைக்கு மாற்று மருந்து இங்கே கிடைத்துவிட்டது போலும்! ஆயின் அந்த இளைஞனால் காதலியை ஒருபோதும் முத்தமிட இயலாது. வேள்விக்குச் சென்ற மக்கள் ஊர் திரும்ப மாட்டார்கள். ஊர்த்தெருக்கள் என்றென்றும் வெறிச்சோடிக் கிடக்கும். பாடலின் முடிவில் கவிஞர் அத்தாழியைக் குளிர்ந்தது என்றே அழைக்கிறார். அழியாத அழகு கல்லின் அழகு, அதற்குச் சூடில்லை. கலை என்னும் கதவும் இவ்வாறு அடைபட்டது.

துயரத்தைப் பற்றிய பாடலில் அவர் தயங்காமல் முடிவு கூறுகிறார். துயரம் அழகோடுதான் குடியிருக்கிறது. அழகு மடியக்கூடியது என்பதனாலேயே அப்படி. மகிழ்ச்சியின் கை எப்போதும் விடை பெற உதட்டருகே உயர்ந்தபடியே இருக்கிறது. அழகு வேறு, அழிவு வேறு என்று பிரித்துக் காண்பவனுக்கு இரண்டும் விளங்கா என்பதே அப்பாடலின் சாரம்.

இலை உதிராத பாடல்

இப்பயணத்தின் முடிவில் பிறந்தது 1819 செப்டம்பர் 19-இல் வின்செஸ்டரில் எழுதிய பாடல். தமிழில் இதனை "இலையுதிர்காலத்திற்கு" என்று பெயரிட்டு வழங்குவர். இப்பெயரிலேயே ஒரு பிழையான வாசிப்பு தொடங்கிவிடுகிறது. "இலையுதிர்காலம்" என்னும் தமிழ்ச் சொல் கேட்பவர் கண்முன் வெற்று மரத்தையும் சருகையும் நிறுத்துகிறது. பாடலின் முப்பத்து மூன்று அடிகளையும் தேடிப் பார்த்தாலும் ஓர் இலைகூட உதிரவில்லை. இலை உதிர்வதைப் பாடியவர் ஷெல்லி. அதே ஆண்டு அக்டோபரில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரருகே அவர் மேல்காற்றை விளித்துப் பாடினார். கீட்ஸின் பாடலில் இருப்பது விளைச்சல், அறுவடை, அறுவடைக்குப் பின் வெறுமையான வயல் என்னும் மூன்றுமே.

முதற்பகுதியில் ஆப்பிளின் சுமையால் கிளை வளைகிறது, சுரை பருக்கிறது, கொட்டையினுள் பருப்பு முற்றுகிறது, தேனடையில் தேன் வழிகிறது. வெயில் நாள்கள் என்றும் தீரா என்று தேனீக்கள் எண்ணிக்கொள்கின்றன. அப்படி எண்ணுவது தேனீக்கள், கவிஞர் அன்று. தீரும் என்பது அவருக்குத் தெரியும், படிப்பவருக்கும் தெரியும்.

இரண்டாம் பகுதியில் பருவமே ஓர் உழைப்பாளியின் உருக்கொள்கிறது. களஞ்சியத் தரையில் அமர்ந்திருக்கிறது. பாதி அறுத்த வயலில் அயர்ந்து உறங்குகிறது. அறுவடையில் சிந்திய கதிரைப் பொறுக்கித் தலையில் சுமந்து ஓடையைக் கடக்கிறது. ஆப்பிள் பிழியும் பொறியருகே கடைசிச் சொட்டு வடியும்வரை பொறுமையோடு காத்திருக்கிறது. உறங்கும் கையில் அரிவாள் இருக்கிறது. அடுத்த வரிசைக் கதிரும் அதனைப் பின்னிய பூவும் சிறிது நேரம் உயிர் தப்புகின்றன, அவ்வளவே. அரிவாள் விழித்துக்கொள்ளும்.

மூன்றாம் பகுதியில் வசந்தத்தின் பாடல்கள் எங்கே என்னும் வினா எழுகிறது. அவற்றை எண்ண வேண்டாம், இப்பருவத்திற்கும் ஓர் இசை உண்டு என்பது விடை. அரிதாள் நிற்கும் வயலின்மீது மாலை வெயில் படிகிறது. கொசுக்கள் காற்று எழ எழுந்தும் தணியத் தணிந்தும் ஒப்பாரி வைக்கின்றன. வசந்தத்தில் பிறந்த ஆட்டுக்குட்டிகள் முழு வளர்ச்சி பெற்றுக் கத்துகின்றன. வளர்ந்த ஆட்டிற்கு அடுத்து நேர்வது யாது என்பதைக் கவிஞர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. தகைவிலான் குருவிகள் தொலைவான பயணத்திற்காக வானில் கூடுகின்றன. பாடல் அங்கே நின்றுவிடுகிறது.

இப்பாடலில் "நான்" என்னும் சொல் ஓரிடத்தும் இல்லை. மற்றப் பாடல்களில் ஏங்கிய, அஞ்சிய, வாதாடிய அந்த மனிதன் இங்கே ஒதுங்கி நின்று உலகிற்கு இடம் விடுகிறான். தமக்குச் சாவாமை கேட்கவில்லை, பருவத்திற்கும் கேட்கவில்லை. ஓடுகின்றவன் முன்னாலே பார்ப்பான், அல்லது பின்னாலே பார்ப்பான். நின்ற இடத்தைப் பார்ப்பவன் ஓடுகின்றவன் அல்லன்.

பீட்டர்லூ எழுப்பும் வினா

எதிர்தரப்பின் வலிமையான வாதம் ஒன்று உண்டு. அதனை மறைத்துவிட்டு வெற்றி கொண்டாடுவது நேர்மையாகாது. 1819 ஆகஸ்ட் 16-இல் மான்செஸ்டர் நகரின் புனித பீட்டர் திடலில் ஏறத்தாழ 60,000 மக்கள் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கோரித் திரண்டனர். குதிரைப்படை அவர்கள்மீது பாய்ந்தது. குறைந்தது 15 பேர் மாண்டனர்; நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். நாடே கொதித்தது. ஐந்து வாரத்திற்குள் கீட்ஸ் ஆப்பிளையும் தேனீயையும் பாடினார். அமெரிக்கத் திறனாய்வாளர் ஜெரோம் மெக்கான் 1979-இல் எழுதிய கட்டுரையில், இப்பாடல் தன் காலத்து வரலாற்றை விட்டு விலக முயன்ற பாடல் என்று வாதிட்டார். அவருக்குப் பின் வந்தோர் பலர் இவ்வாதத்தை ஏற்றும் மறுத்தும் எழுதியுள்ளனர்.

கீட்ஸ் அச்செய்தியை அறியாதவர் அல்லர். பீட்டர்லூக் கூட்டத்தின் தலைவரான ஹென்றி ஹண்ட் செப்டம்பர் 13-இல் இலண்டனுக்குள் வந்தபோது பெருந்திரளான மக்கள் தெருவில் நின்று வரவேற்றனர். அமெரிக்காவில் பணத்தை இழந்து தவித்த தம்பிக்கு உதவி தேடி அப்போது இலண்டன் வந்திருந்த கீட்ஸ், அவ்வரவேற்பைப் பற்றி அத்தம்பிக்கே கடிதத்தில் எழுதினார். பாடலை எழுதியதற்கு முதல்நாள் எழுதிய பகுதி அது. கண்ணை மூடிக்கொண்டவர் எழுதும் கடிதமா இது?

சரி, கடிதத்தில் இருப்பது பாடலில் ஏன் இல்லை? பாடலில் பீட்டர்லூ என்னும் பெயர் இல்லை என்பது உண்மை. அதை ஒப்புக்கொள்வதால் கீட்ஸுக்கு இழுக்கு ஒன்றுமில்லை. எனினும் பாடலில் உள்ளவற்றை எண்ணிப் பார்க்க வேண்டும். களஞ்சியம், அரிவாள், கதிர் பொறுக்குவோர், அறுத்த வயல் என இவையனைத்தும் சோற்றோடு தொடர்புடையவை. 1815-இல் இயற்றப்பட்ட தானியச் சட்டம், உள்நாட்டுக் கோதுமையின் விலை குவார்ட்டருக்கு 80 ஷில்லிங்கை எட்டும்வரை அயல்நாட்டுக் கோதுமையை விற்பனைக்கு விடாமல் தடுத்தது, நிலவுடைமையாளர் கொழுத்தனர், ஏழைக்கு ரொட்டி எட்டாக்கனியாயிற்று. சிந்திய கதிரைப் பொறுக்குவது பொதுச் சட்டம் தரும் உரிமை அன்று என 1788-இலேயே நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அத்தகைய நாட்டில், கதிர் பொறுக்கித் தலையில் சுமந்து நிமிர்ந்து நடப்பவரின் வடிவத்தைப் பருவத்திற்கே அளித்த கவிஞரை, ஏழையைக் காணாதவர் என்பது எவ்வாறு பொருந்தும்?

மற்றொன்றும் ஈண்டு நோக்கத்தக்கது. 1815 ஏப்ரலில் சும்பாவா தீவின் தம்போரா எரிமலை வெடித்தது. மலாய்த் தீவுக்கூட்டத்தில் எழுந்த அச்சாம்பல் உலகின் வானத்தையே மறைத்தது. 1816-இல் ஐரோப்பாவிற்குக் கோடையே இல்லாமற் போயிற்று, பயிர் அழிந்தது, பஞ்சமும் நோயும் பரவின. ஆங்கிலத் திறனாய்வாளர் ஜானத்தன் பேட் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், 1819-இன் நல்ல வெயிலையும் நல்ல விளைச்சலையும் இப்பின்னணியில் வைத்தே இப்பாடலைப் படிக்க வேண்டும் என்றார். விளையாத ஆண்டுகளைக் கண்டவருக்கு விளைந்த வயல் அலங்காரம் ஆகாது, அது உயிர்.

ஷெல்லி பீட்டர்லூவைப் பற்றி நேராகவே பாடினார். இத்தாலியிலிருந்து அவர் அனுப்பிய அந்நெடும்பாடலைப் பத்திரிகையாளர் லீ ஹண்ட் அன்று அச்சிடத் துணியவில்லை. ஷெல்லி இறந்து பத்தாண்டு கழித்து, 1832-இல்தான் அது வெளிவந்தது. அப்பாடலும் வேண்டும், இப்பாடலும் வேண்டும். ஒன்று வாளை எதிர்த்தது. மற்றொன்று, எதற்காக மனிதன் வாழ விரும்புகிறானோ அதனைக் காட்டியது. ஒன்றைக் கொண்டு மற்றொன்றை அடிப்பது திறனாய்வு ஆகாது.

கண்ணீரும் துறவும்

பகைவரைவிடக் கீட்ஸுக்கு நண்பர் செய்த தீங்கு பெரிது. 1818-இல் இரண்டு இதழ்கள் அவருடைய கவிதையைக் கொடுமையாகத் தாக்கின. மருந்துக்கடைக்கே திரும்பிப் போகும்படி அவற்றுள் ஒன்று ஏளனம் செய்தது. அத்தாக்குதலே அவரைக் கொன்றது என்னும் கதையை 1821-இல் ஷெல்லி தம் இரங்கற்பாவில் நிலைநாட்டினார். பைரன் அதே கதையைக் கேலியாக்கினார். உரோமில் கல்லறை எழுப்பிய நண்பர்களும் அக்கதையைக் கல்லில் பொறித்தனர். கீட்ஸ் கேட்டதோ, பெயர்கூட வேண்டாம், நீர்மேல் எழுதப்பட்ட பெயருடையவன் இங்கே கிடக்கிறான் என்னும் பொருள்படும் ஒரு தொடர் மட்டுமே. பகைவரின் கொடுமையால் நெஞ்சு கசந்தவர் என்னும் விளக்கத்தை நண்பர்கள் சேர்த்தனர். நீர்மேல் எழுத்து என்பதைத் தமிழர் நன்கறிவர். நிலையாததை ஏற்றுக்கொண்ட ஒருவரின் சொல்லை நண்பர்கள் புலம்பலாக மாற்றிவிட்டனர்.

உண்மை என்ன? அத்தாக்குதலுக்குப் பின் ஓராண்டுக்குள்தான் கீட்ஸ் தம் தலைசிறந்த பாடல்கள் அனைத்தையும் எழுதினார். செப்டம்பர் பாடலை எழுதியபோது சாவு உறுதியாகியிருக்கவில்லை; 1820 பிப்ரவரி 3-இல் இருமலோடு வந்த இரத்தத்தின் நிறத்தைக் கண்டு தம் முடிவை அவரே அறிந்தார். மருத்துவம் பயின்ற கண் அது. 1821 பிப்ரவரி 23-இல், இருபத்தைந்து வயதில், உரோமில் இறந்தார். சாகப்போகிறவரின் பெருமூச்சு என்று அப்பாடலைப் படிப்பவர், பிற்பாடு நடந்ததை முன்னரே நடந்ததாகக் கொள்கின்றனர்.

தமிழ் கற்றோரிடம் மற்றொரு வகைப் பிழையும் நேர்வதுண்டு. நாலடியார் செல்வம், இளமை, யாக்கை என மூன்றின் நிலையாமையோடு தொடங்குகிறது. வள்ளுவர் நிலையாமையைத் துறவறவியலில் வைத்தார். எனவே நிலையாமை என்ற சொல் காதில் விழுந்தவுடன் துறவு நினைவிற்கு வருவது இயல்பு. அதே அளவுகோலால் கீட்ஸை அளந்து, உலகின் நிலையாமையை உணர்த்தினார் என்று தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெறுவது எளிது. ஆயின் கீட்ஸின் முடிவு வேறு. நிற்காது, ஆகவே விட்டுவிடு என்பது துறவியின் மொழி. நிற்காது, ஆகவே முழுமையாகப் பார் என்பது கீட்ஸின் மொழி. இரண்டும் பெரியவை, இரண்டும் ஒன்றல்ல.

வகுப்பறையில் செய்ய வேண்டியது

ஏட்டுப் பூசலாக இதனை ஒதுக்கிவிட முடியாது. கீட்ஸை இனிமையின் கவிஞர் என்று கற்கும் மாணவன், இனிமையே கவிதை என்று நம்புகிறான். நிலவையும் மலரையும் தென்றலையும் அடுக்கினால் கவிதை ஆகிவிடும் என்று எழுதத் தொடங்குகிறான். அத்தகைய அடுக்குகளில் எந்த மலரும் வாடுவதில்லை. எந்த வயலிலும் அரிவாள் இல்லை. எவரும் எதையும் இழப்பதில்லை. இழப்பே இல்லாத இடத்தில் அழகுக்கு என்ன வேலை? மறுபுறம், இயற்கையைப் பாடுவது சமுதாயப் பொறுப்பற்ற செயல் என்று கேள்விப்பட்ட மாணவன், முழக்கமே கவிதை என்று நம்புகிறான். இருவரையும் கெடுத்தது ஒரே பொய்.

ஆசிரியர் செய்யத்தக்கது அரிதன்று. நான்கு பருவமும் இல்லாத நிலநடுக்கோட்டு நாட்டில் வாழும் மாணவருக்கு, ஆங்கில நாட்டின் அப்பருவத்தை வாழ்த்து அட்டையின் படமாகக் காட்டாமல் அறுவடைக் காலமாக விளக்க வேண்டும். 1819-இன் பாடல்களை எழுதிய வரிசையிலேயே படிக்கச் செய்ய வேண்டும். பறவை பறந்த பின் மனிதன் எங்கே நிற்கிறான், தாழியில் உள்ள ஊர் ஏன் வெறிச்சோடியது, உறங்கும் கையில் இருப்பது என்ன, ஆட்டுக்குட்டிகள் ஏன் வளர்ந்திருக்கின்றன, குருவிகள் எங்கே போகின்றன என்று கேட்க வேண்டும். இவ்வினாக்களுக்கு மாணவன் பாடலிலிருந்தே விடை கண்டால், கீட்ஸ் தப்பி ஓடினாரா என்னும் வினாவை எவரும் எழுப்பத் தேவையில்லை. அரிதாள் நிற்கும் அந்த வயலின் ஓரத்தில், இருட்டும்வரை அசையாமல் நின்று பார்த்தவர் யார் என்பதை அவனே சொல்லிவிடுவான்.